மெழுகில்லா ஸ்கீ சண்டித்தனம் பண்ணினால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

ஒஸ்லோவின் குளிர்காலம் பூச்சியம் டிகிரியைச் சுற்றியே ஆடிக்கொண்டிருக்கும். காலையில் சோன்ஸ்வான் ஏரிக்கரையில் மைனஸ் 4, மத்தியானம் பிளஸ் 1, பின்னேரம் திரும்பவும் உறைவு. ஸ்கீ என்பது பனியில் நடக்கவும் சறுக்கவும் காலில் பூட்டும் நீளப் பலகை. உதைக்கும்போது அது பின்னால் வழுக்காமல் பனியைப் பிடிக்க, அடியில் பனியின் வெப்பநிலைக்கு ஏற்ற மெழுகு பூசுவார்கள். மெழுகில்லா ஸ்கீயில் அந்தப் பிடிப்பு வேலையை அடியில் உள்ள செதிலோ உரோமமோ செய்யும். இப்படியான நாளில் மெழுகு பூசும் ஸ்கீயோடு போனால் இரண்டு மூன்று தரம் மெழுகு மாற்ற வேண்டிவரும். பூச்சியத்துக்கு மேலே போய்விட்டால் கிளிஸ்டர் என்ற பசைதான் கதி. அது பலாப்பழப் பால் மாதிரி விரலிலும் காற்சட்டையிலும் ஒட்டி, வீட்டுக் கதவுப்பிடி வரை கூடவே வரும். அதனால் காட்டுப்பாதை, மலைவெளி, புதுப்பனி, பழம்பனி என்று கலந்து போகிறவர்களுக்கு மெழுகில்லா ஸ்கீயை மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் வாங்கிய முதல் மாதத்திலேயே "இது சரிவராது" என்று நிலவறையில் போட்டுவிட்ட பலரை எனக்குத் தெரியும். பெரும்பாலும் பலகையில் பிழை இருக்காது. அந்த ஆளின் நிறைக்கோ அவர் போகிற பனிக்கோ அது பொருந்தியிருக்காது. அதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில் பலகையைப் பிரட்டி அடியைப் பாருங்கள். காலுக்குக் கீழே வரும் நடுப்பகுதியில் மீன்செதில் போல வெட்டுகள் இருந்தால் அது செதில் ஸ்கீ. அதே இடத்தில் உரோமப் பட்டை பதித்திருந்தால் அதை இங்கே ஃபெல்லே ஸ்கீ என்பார்கள். பட்டை அங்கோரா ஆட்டின் உரோமத்தால் செய்தது, அல்லது அதில் நைலோன் கலந்தது. இரண்டும் ஒரே விதமாகத்தான் வேலை செய்கின்றன. நுனியிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுவழுப்பு, வாலிலிருந்து நுனிக்குத் தடவினால் முரடு. பூனையின் முதுகைத் தடவியவர்களுக்கு உடனே விளங்கும்.

அடுத்து, பலகையைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நடுப்பகுதி வில் போல மேலே வளைந்திருக்கும். இரண்டு காலிலும் பாரத்தைப் பகிர்ந்து சறுக்கும்போது அந்த வில் முழுதாக அமுங்காது, செதில் பனியில் அவ்வளவாகப் படாது. ஒரு காலில் முழுப் பாரத்தையும் போட்டு உதைக்கும்போது வில் தட்டையாகி, செதில் பனியைக் கவ்வும். மெழுகில்லா ஸ்கீயின் நன்மையும் வில்லங்கமும் பெரும்பாலும் இந்த வில்லுக்குள்தான் இருக்கின்றன.

ஏற்றத்தில் பின்னால் வழுக்குகிறது

ஆகக் கூடுதலாக வரும் முறைப்பாடு இதுதான். என் கதையும் இதில்தான் தொடங்கியது. ஒரு கடையில் என் உயரத்தை மட்டும் கேட்டு 205 சென்ரிமீற்றர் செதில் ஸ்கீ தந்தார்கள். நிறையை யாரும் கேட்கவில்லை, அது முக்கியம் என்று எனக்கும் தெரியாது. அப்போது நான் 61 கிலோ. சோன்ஸ்வானிலிருந்து உல்லவோல்சேத்தர் என்ற காட்டு விடுதிக்குப் போகும் ஏற்றத்தில் முன்னால் ஓரடி வைத்தால் பின்னால் அரையடி போனது. பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் சர்வசாதாரணமாக ஏறிப்போனார்கள். நான் தடிகளை ஊன்றி என்னையே இழுத்து ஏற்றிப் போய்ச் சேர்ந்தபோது தோள்கள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. இரண்டு குளிர்காலமாக இதை என் பயிற்சிக் குறைவு என்றே நம்பினேன்.

கீழ்வீட்டில் ஓர் அண்ணை இருந்தார். எண்பதுகளில் நோர்வேக்கு வந்தவர், ஒவ்வொரு ஞாயிறும் காட்டுக்குள் போகிறவர். ஒருநாள் படியில் என் பலகைகளைக் கண்டு நின்றார்.

"தம்பி, உன்ரை நிறை எவ்வளவு?"

"அறுபத்தொண்டு அண்ணை."

"அப்ப உதைக் கொண்டு குசினிக்குள்ளை வா."

குசினித் தரையில் பலகைகளைச் சமாந்தரமாக வைத்து, என்னை ஏறி நிற்கச் சொன்னார். மேசையில் கிடந்த வங்கிக் கடிதத்தை எடுத்து, காலுக்குக் கீழே பலகைக்கும் தரைக்கும் இடையில் செருகினார். கடதாசி தாராளமாக முன்னும் பின்னும் ஓடியது. "சரி. இப்ப முழுப் பாரத்தையும் வலக்காலிலை போடு. இடக்காலைத் தூக்கு." தூக்கினேன். அவர் கடதாசியை இழுத்தார். ஒரு மடிப்புக்கூட விழாமல் சர்ரென்று வெளியே வந்தது. "பாத்தியோ? நீ நிக்கிறாய், ஆனால் பலகை நிலத்தைத் தொடேல்லை. இரண்டு வருசமாய் உன்ரை செதில் பனியைக் கண்டதே இல்லை."

இந்தக் கடதாசிச் சோதனையை எல்லோரும் வீட்டில் செய்யலாம். தரை தட்டையாகவும் கடினமாகவும் இருக்க வேண்டும். விரிப்பின் மேல் செய்தால் பிழையான விடை வரும். சப்பாத்தின் நுனி பைண்டிங்கில், அதாவது சப்பாத்தைப் பலகையோடு பூட்டும் பகுதியில், இருக்கிற இடத்திலேயே கால் இருக்கட்டும். சுற்றுலாவுக்கு முதுகுப்பை சுமப்பவராக இருந்தால் பையையும் சுமந்துகொண்டு நில்லுங்கள். கடதாசியை அசைக்க இன்னொருவர் தேவை, நீங்களே குனிந்தால் பாரம் மாறிவிடும்.

இரண்டு காலிலும் சமமாக நிற்கும்போது, காலுக்குக் கீழேயும் பைண்டிங்குக்கு முன்னால் ஒரு சாண் அளவுக்கும் கடதாசி ஓட வேண்டும். ஒரு காலில் முழுப் பாரமும் விழும்போது அசையாமல் பிடிபட வேண்டும். அப்போதும் ஓடினால் வில் உங்களுக்கு மிஞ்சிய விறைப்பு. இதைப் பயிற்சியால் திருத்த முடியாது. அதே வகையில் நீளம் குறைந்த பலகை, அல்லது உங்கள் நிறைக்கு என்று தயாரிப்பாளர் குறித்திருக்கும் பலகை வேண்டும். தயாரிப்பாளர்களின் அளவு அட்டவணைகளில் நீளத்துக்கு எதிரே கிலோ போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

கடதாசி பிடிபடுகிறது, ஆனாலும் வழுக்குகிறது என்றால் உடம்பைக் கவனிக்க வேண்டும். ஏற்றத்தைக் கண்டவுடன் நாம் இடுப்பை மடித்து முன்னால் சாய்வோம். அப்போது பாரம் தடிகளுக்கும் கால்விரலுக்கும் போய்விடும், செதில் மேல் விழாது. நிமிர்ந்து, பாதத்துக்கு நேர்மேலே இடுப்பை வைத்து, அடியைக் குறுக்கி, ஒவ்வொரு காலையும் படியில் வைப்பதுபோல் அழுத்தி வையுங்கள். பார்வை பலகை நுனியில் இருக்க வேண்டாம், ஏற்றத்தின் மேலே இருக்கட்டும். இதை மாற்றிய அன்றே வித்தியாசம் தெரியும்.

உடம்பும் சரி, கடதாசியும் சரி என்றால் மிஞ்சுவது பனிதான். பகலில் உருகி இரவில் உறைந்த தடம் கண்ணாடி போல் மினுங்கும். அங்கே செதிலுக்குக் கவ்வ ஒன்றுமில்லை. உரோமப் பட்டை ஓரளவு தாங்கும். தடத்தை விட்டு விலகி, ஓரத்தில் சொரசொரப்பான பனி இருக்கும் இடமாகப் பார்த்து ஏறுங்கள். அதுவும் இல்லையென்றால் பலகைகளை மீன்முள் வடிவில் விரித்து உள்விளிம்பை ஊன்றி ஏறுவதுதான் வழி. மலைக்குப் போகிறவர்கள் கழற்றிப் பூட்டும் குட்டையான உரோமப் பட்டை ஒரு சோடி பையில் வைத்திருக்க வேண்டும். ஓஸ்நெஸ் போன்ற நோர்வே நிறுவனங்களின் மலை ஸ்கீக்களில் அதைக் கொழுவ அடியிலேயே இடம் விட்டிருப்பார்கள்.

பழைய பலகையானால் செதிலை நகத்தால் வாலிலிருந்து நுனிக்குச் சுரண்டிப் பாருங்கள். நகம் தடுபடாமல் ஓடினால் செதில் தேய்ந்துவிட்டது, அந்தப் பலகையின் காலம் முடிந்தது.

ஏறுகிறது, ஆனால் சறுக்கவே மாட்டேன் என்கிறது

முன்னையதற்கு நேர் எதிர். இரண்டு காலில் நிற்கும்போதே கடதாசி அசையவில்லை என்றால் வில் உங்களுக்குத் தளர்வு, செதில் எந்நேரமும் பனியை உரசிக்கொண்டே வருகிறது. கடினப் பனியில் இறங்கும்போது காலடியில் வண்டு இரைவதுபோல் ஒரு சத்தம் வரும். செதில் ஸ்கீயில் கொஞ்சம் சத்தம் இயல்பு. சமதரையிலும் இடைவிடாமல் கேட்டால் சோதிக்க வேண்டும்.

வெறும் கையோடு நன்றாகச் சறுக்கி, 15 கிலோ பையோடு மட்டும் இழுக்கிறது என்றால் பலகை சரியானதுதான், பாரம்தான் கூடிவிட்டது. பல நாள் சுற்றுக்கே அதிகம் போகிறீர்கள் என்றால் பையோடு சேர்ந்த நிறைக்குப் பலகை எடுங்கள். ஞாயிறு காட்டுச் சுற்றுதான் அதிகம் என்றால் பையில்லாத நிறைக்கு எடுத்து, வருடத்தில் ஒரு தடவை வரும் அந்த இழுவையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணம் மிகச் சாதாரணமானது. "மெழுகில்லா" என்ற பெயரை நம்பி, வாங்கிய நாளிலிருந்து எதுவுமே பூசாமல் ஓடுவது. மெழுகு தேவையில்லாதது பிடிப்புப் பகுதிக்கு மட்டும்தான். நுனிப் பகுதிக்கும் வால் பகுதிக்கும் சறுக்கு மெழுகு வேண்டும். அடி காய்ந்து வெள்ளை பூத்திருந்தால் கேட்கவே வேண்டாம். திரவமாக வருவதைத் துணியால் பூசிக் காயவிட்டாலே பெரிய மாற்றம் தெரியும். புளோரீன் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். சர்வதேச ஸ்கீ சம்மேளனம் 2023–24 பருவத்திலிருந்து புளோரீன் மெழுகைப் போட்டிகளில் தடைசெய்துவிட்டது. நமக்கு அதைவிடக் கிட்டிய காரணமும் இருக்கிறது. நூர்மார்க்காக் காட்டின் நீர் மாரிடால்ஸ்வான் ஏரிக்கு இறங்குகிறது, ஒஸ்லோவின் குடிநீரில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. தடத்தில் நாம் தேய்த்துவிட்டுப் போவது நம் குழாய்க்குத்தான் திரும்பும்.

அடியில் பனி கட்டிப்பிடிக்கிறது

திடீரென்று ஒரு கால் உயரமாகிவிடும். அடுத்த அடியில் மற்றதும். குதியுயர்ந்த சப்பாத்து போட்டதுபோல் தள்ளாடுவீர்கள், பலகை ஒரு அங்குலமும் நகராது. பூச்சியத்தை ஒட்டிய வெப்பத்தில் புதுப்பனி விழும்போது இது வரும். ஈரமான அடி குளிர்ந்த பனியைத் தொட்டதும் அங்கேயே உறைந்து, அதன்மேல் மேலும் பனி ஒட்டிக்கொண்டே போகும்.

கிளம்பும் இடத்திலேயே நடந்தால் காரணம் வீடுதான். சூடான அறையிலிருந்து எடுத்த பலகையை நேரே பனியில் வைத்தால் பனி உருகி உறையும். அரை மணி நேரம் முன்னதாகவே வெளியே சாய்த்து வையுங்கள். நடுவழியில் நடந்தால் எங்கோ ஈரத்தைக் கடந்திருக்கிறீர்கள். ஏரி உறைவின் மேல், பனிக்குக் கீழே தண்ணீர் ஒளிந்திருக்கும் இடங்கள் உண்டு.

கட்டியைப் பிளாஸ்ரிக் சுரண்டியால் எடுக்க வேண்டும். அது இல்லையென்றால் ஒரு பலகையின் அடியை மற்றதன் விளிம்பில் தேய்த்து எடுக்கலாம், ஆனால் செதில் ஸ்கீயில் மட்டும். உரோமப் பட்டையில் விளிம்போ கத்தியோ படவே கூடாது. உரோமம் பிய்ந்தால் திரும்ப முளைக்காது. கையால் உதிர்த்து, உரோமம் படிந்த திசையிலேயே துடைத்து, நிற்காமல் நடையைக் கட்டுங்கள். நின்று நின்று கதைத்துக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. தடுப்பது எளிது: செதிலுக்குத் திரவச் சறுக்கு மெழுகும், பட்டைக்கு அதற்கென விற்கும் தெளிப்பானும் முந்தின இரவே பூசிக் காயவிட வேண்டும். ஈரத்தோடு பூசினால் பலன் இல்லை.

தடத்துக்குள் பலகை இறுகுகிறது

இயந்திரம் வெட்டிய இணைத்தடத்துக்குள் சுமார் 70 மில்லிமீற்றரைத் தாண்டிய பலகை ஒழுங்காக ஓடாது. நுனி இரண்டு சுவரிலும் உரசும். அகலத்தைப் பெரும்பாலும் மூன்று எண்களாகப் போடுவார்கள்: நுனி, இடை, வால். சில மாதிரிகள், மில்லிமீற்றரில்: மட்ஸ்ஹூஸ் ஈயோன் 83-62-70, ஃபிஷர் எஸ்-பவுண்ட் 98 என்பது 98-69-88, மட்ஸ்ஹூஸ் ஆனம் 109-78-95. கடைசி இரண்டையும் வாங்கிவிட்டுத் தடத்துக்குள் ஓடவில்லை என்று வருந்துவதில் பயனில்லை, அவை தடத்துக்காகச் செய்யப்பட்டவையே அல்ல. ஈயோன் கூடத் தடத்தில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். போகும் நேரத்தில் பாதிக்கு மேல் வெட்டிய தடம் என்றால், நுனியும் 70-க்குள் இருப்பதாகப் பாருங்கள்.

புதுப்பனியில் நுனி புதைகிறது

முழங்கால் ஆழப் பனியில் எந்த ஸ்கீயும் கொஞ்சம் தாழும். ஆனால் நுனி மேலே வராமல் பனிக்கு அடியிலேயே உழுதுகொண்டு போனால் அகலம் போதாது, அல்லது நுனி விறைப்பு. இங்கே 60-க்கு மேற்பட்ட இடையும், மெதுவாக மேலெழும் மென்மையான நுனியும் வேண்டும். தடத்துக்கு எது நல்லதோ அது இங்கே ஆகாது. இரண்டையும் ஒரே சோடியில் முழுதாக எதிர்பார்க்க முடியாது. என் அனுபவத்தில், தடத்தை விட்டு விலகுவது எப்போதாவது மட்டும்தான் என்கிறவர் ஒடுக்கமான பலகையை எடுத்து, ஆழ்பனியில் ஆறுதலாகப் போவதே மேல்.

இறக்கத்தில் திருப்ப முடியவில்லை, பக்கவாட்டில் வழுக்கிப் போகிறது

இரண்டு வேறு கோளாறுகளை ஆட்கள் ஒன்றாகச் சொல்வார்கள். பலகை நேரே ஓடுகிறது, வளையவே மறுக்கிறது என்றால் நீளமும் நேரான விளிம்பும் காரணம். நுனிக்கும் இடைக்கும் அகல வித்தியாசம் கூடக்கூடப் பலகை வளைந்து கொடுக்கும். 98-69 உள்ளது திரும்பும். 83-62 சமதரையில் நேராக நிற்கும், திருப்பத்துக்குக் கொஞ்சம் கெஞ்ச வேண்டும். விறைத்த வில்லும் திருப்பத்துக்கு எதிரி.

திரும்புகிறது, ஆனால் கடினப் பனியில் பிடி விட்டுப்போகிறது என்றால் உருக்கு விளிம்பு வேண்டும். நூர்மார்க்காவின் அகலமான தடங்களில் இது தேவையில்லை, வீண் பாரம். ஃபின்சேயில் கதை வேறு. பேர்கன் ரயில்பாதையின் ஆக உயரமான நிலையம் அது, கடல்மட்டத்திலிருந்து 1222 மீற்றர். வீதி கிடையாது, ரயிலால் இறங்கி அப்படியே பலகையில் ஏற வேண்டியதுதான். ஹர்டாங்கர்வீடாப் பீடபூமியின் காற்று பனியை அடித்து இறுக்கி, மேலே ஓடு போல் ஆக்கிவிடும். ஸ்கார என்பார்கள். குறுக்குச் சரிவில் விளிம்பில்லாத பலகையோடு போய் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். கீழ்ப்பக்கக் கால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு முழம் இறங்கியது. கடைசியில் பலகைகளைக் கழற்றிக் கையில் பிடித்து, சப்பாத்துக் குதியால் பனியைக் கொத்திக் கொத்தித்தான் கடந்தேன். மலைவெளிக்குப் போவது உறுதி என்றால் உருக்கு விளிம்பில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பலகை ஒரு பக்கம், குதி ஒரு பக்கம்

திருப்பும்போது குதி பலகையை விட்டு வெளியே போகிறது என்றால் பலகையைக் குறை சொல்ல வேண்டாம். சப்பாத்தின் அடியைக் கைகளால் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். லேசாக முறுகினால் அகலமான பலகையை அது ஆளாது. பைண்டிங்கும் சேர்ந்துதான் இதில் வரும். தடத்துக்கான மெல்லிய என்என்என், மலைக்கான தடித்த என்என்என் பிசி, மூன்று ஊசி கொண்ட 75 மில்லிமீற்றர், புதிய எக்ஸ்ப்ளோர் என்று பல முறைகள் உண்டு. ஒன்றின் சப்பாத்து மற்றதில் பூட்டாது. முதல் இரண்டும் பெயரில் ஒத்திருப்பதால் பழைய பொருள் வாங்குகிறவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள். சப்பாத்தின் நுனியில் இருக்கும் கம்பியின் தடிப்பைப் பார்த்து வாங்குங்கள். மூன்று ஊசி முறையை 1927-இல் புரூர் வித் என்ற நோர்வேக்காரர் உண்டாக்கினார். அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் ரொட்டெஃபெல்லா, எலிப்பொறி என்று பொருள். பழைய வடிவத்தை ஒரு தடவை பூட்டிப் பார்த்தால் பெயர்க் காரணம் தெரியும்.

உரோமப் பட்டை ஓரம் கிளம்புகிறது

பலகையை ஈரத்தோடு உறைக்குள் போட்டு வைத்ததால் வருவது. வீட்டுக்கு வந்ததும் துடைத்து, வெப்பமூட்டியை விட்டுத் தள்ளி அறைச் சூட்டிலேயே காயவிடுங்கள். பட்டை மொட்டையாகிவிட்டால் பல பலகைகளில் பட்டையை மட்டும் மாற்றலாம். வாங்கும்போதே மாற்றுப் பட்டை கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

வாங்கும் முன்

செதிலா பட்டையா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, அதிகம் எந்தப் பனியில் போகிறீர்கள் என்பதுதான். ஈரப்பனி, பரல் பரலான வசந்தகாலப் பனி, தடமில்லாத காடு என்றால் செதில்; பராமரிப்பும் குறைவு. வெட்டிய தடம், காலையில் உறைந்து கிடக்கும் பாதை என்றால் பட்டை. சத்தமில்லாமல் சறுக்கும், பிடியும் நம்பகம். மைனஸ் எட்டுப் பத்துக்குக் கீழேயே கிடக்கும் உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் இருப்பவர் மெழுகு ஸ்கீயே எடுக்கலாம். அங்கே ஒரு பச்சை மெழுகு நாள் முழுக்கத் தாங்கும், சறுக்கும் மேல். எதுவானாலும் ஒரு நாள் இரவல் வாங்கி ஓடிப்பாருங்கள். நோர்வேயில் பல ஊர்களில் உள்ள பூவா இரவல் நிலையங்களில் காசில்லாமல் எடுக்கலாம். வாங்கும் நாளில் ஒரு கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். கடைத் தரை குசினித் தரை மாதிரித்தான் இருக்கும்.

என் 205-ஐ, 80 கிலோ நிறையுள்ள நண்பர் ஒருவருக்குக் கொடுத்தேன். போன பெப்ரவரியில் இருவரும் உல்லவோல்சேத்தர் ஏறினோம். அதே பலகை, அதே ஏற்றம். அவர் எனக்கு முன்னால் ஒரு தடவைகூட வழுக்காமல் ஏறிக்கொண்டிருந்தார்.